வலிக்காத புண்ணை நம்பாதீர்கள்

ஆண்குறியில் வரும் புற்றுநோய் அரிதானது. அரிது என்பதாலேயே நோயாளிக்கு அந்த எண்ணம் வருவதில்லை. வந்தாலும் கூச்சம் வாயை அடைத்துவிடுகிறது. இந்த நோயில் மாதக்கணக்கில் காலம் வீணாவது பெரும்பாலும் வீட்டில்தான்.

வலி இல்லாததை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. தொடக்கத்தில் இது பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆண்குறியின் நுனியிலுள்ள மொட்டிலோ முன்தோலின் உட்புறத்திலோ சிறு தடிப்பு, சிவந்த திட்டு, மரு போன்ற வளர்ச்சி, ஆறாத புண் என்று தோன்றும். முன்தோல் பின்னுக்கு விலகாதவர்களுக்கு அதுவும் கண்ணில் படாது. துர்நாற்றமுள்ள கசிவோ உள்ளாடையில் இரத்தக் கறையோதான் தெரியும். துணி துவைக்கும் மனைவி அதை முதலில் கவனித்துக் கேட்டால், தயவுசெய்து மழுப்பாதீர்கள்.

அடுத்தது, நம்மவர்களுக்கு நன்கு பழக்கமான சமாதானம்: "எல்லாம் சர்க்கரையால் வருவது." சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வருவது உண்மை. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் சில மாத்திரைகளும் அதைக் கூட்டும். பல முறை இந்த விளக்கம் சரியாக இருந்துவிடுவதால்தான் ஆபத்து. ஊரிலிருந்து வாங்கி வந்த கிரீமை மாதக்கணக்கில் தடவுகிறோம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பும் அரிப்பும் அடங்கும்; அடியில் இருப்பது அப்படியே வளரும். 2, 3 வாரங்களில் ஆறாத எதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இதுவரை எளிதாக விலகிய முன்தோல் திடீரென இறுகினாலும் அப்படித்தான்.

"தப்பு செய்தவனுக்கு வரும் நோய்" என்ற பேச்சு என்னைக் கோபப்படுத்துகிறது. பாலுறவால் பரவும் மனித பாப்பிலோமா வைரஸுக்கு (HPV) இதில் பங்கு உண்டு. ஆனால் முன்தோல் இறுக்கம், நாட்பட்ட அழற்சி, புகைப்பழக்கம், வயது ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. ஒழுக்கத்தின் சான்றிதழாக எந்தப் புண்ணையும் பார்க்க முடியாது.

திசுப் பரிசோதனைக்குப் பயப்படுவது இன்னொரு தவறு. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. பார்த்த மாத்திரத்தில் இந்த நோயை உறுதிசெய்ய முடியாது. மரத்துப்போகும் ஊசி போட்டு எடுக்கும் சிறு துண்டுதான் பதில் சொல்லும். தொடையிடுக்கில் நெறிகட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். நோய் அங்கே பரவியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே சிகிச்சையும் பலனும் பெரிதும் அமையும். முழு உறுப்பையும் எடுத்துவிடுவார்கள் என்று எண்ணித்தான் பலர் ஒளிகிறார்கள். தொடக்க நிலையில் மருந்துக் களிம்பு, லேசர், முன்தோலை மட்டும் நீக்குதல் போன்ற வழிகள் இருக்கின்றன. ஒளிந்து கழிக்கும் மாதங்களில்தான் அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன.

சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்று அரசு மருத்துவமனையின் சிறுநீர்ப்பாதையியல் (Urology) பிரிவுக்குப் போனால் கட்டணச் சலுகை உண்டு. வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகளுக்கு, மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும் முதலாளி காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு முகப்பில் விவரம் எதுவும் சொல்ல வேண்டாம். "மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்றால் போதும். உள்ளே போனதும், "அரிப்பு" என்று சொல்லி மருந்துச் சீட்டோடு திரும்பிவிடாமல், "ஆண்குறியில் ஆறாத புண் இருக்கிறது, பாருங்கள்" என்று சொல்லுங்கள்.