அண்ணாச்சி நாற்காலியில் உட்காருவது எப்படி

விசிட்டிங் கார்டில் சி.இ.ஓ. (தலைமை நிர்வாக அதிகாரி) என்று அடித்துக்கொண்டாலும் நம்ம திருநெல்வேலிப் பக்கம் யாரும் உங்களை அப்படிக் கூப்பிடப் போவதில்லை. வயது முப்பத்தைந்துதான் என்றாலும் சரி, சென்னையில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்தவர் என்றாலும் சரி, அண்ணாச்சிதான். பெண்ணாக இருந்தால் அக்கா, இல்லையென்றால் மேடம். அந்தச் சொல்லில் பாசம் இருக்கிறது, மரியாதை இருக்கிறது, கூடவே ஒரு வில்லங்கமும் இருக்கிறது. அண்ணாச்சியிடம் யாரும் கெட்ட செய்தி சொல்ல மாட்டார்கள்.

பணகுடி, இராதாபுரம் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற ஒரு கம்பெனியைப் பத்து வருடம் நடத்தினேன். காத்தாடித் தொழிலில் வருடம் என்பது மே முதல் செப்டம்பர் வரைதான். கணவாய் வழியாக அந்த மாதங்களில் அடிக்கிற காற்றில்தான் பெரும்பகுதி வருமானம், அதற்குள் பழுதெல்லாம் பார்த்து முடித்திருக்க வேண்டும், காற்று பலத்துவிட்டால் கிரேனை நிறுத்தி மேலே ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வருடம் மார்ச் மாதம் மேலே ஏறிய டெக்னீஷியன் ஒரு கியர்பாக்ஸில் சத்தம் மாறியிருப்பதைக் கவனித்திருக்கிறார். சூப்பர்வைசரிடம் சொன்னார். அவர் 'லேசான சத்தம்' என்று எழுதினார். மேனேஜர் அதை 'கண்காணிப்பில்' என்று மாற்றினார். என் மேசைக்கு வந்த தாளில் 'எல்லாம் ரெடி' என்றிருந்தது. ஜூனில் அந்தக் காத்தாடி நின்றது. சுற்றிலும் மற்றவை எல்லாம் பேய் வேகத்தில் சுழல, அது மட்டும் காற்று அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றது, அந்த வாடிக்கையாளர் அடுத்த வருடம் எங்களுக்கு வேலை தரவில்லை.

யாரைத் திட்டலாம் என்று தேடிப்போனேன், விஷயம் என்னிடமே வந்து முடிந்தது. முந்தின வருடம் இதே மாதிரி ஒரு சந்தேகத்தோடு வந்தவரை மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னால் கேலி செய்திருந்தேன். ஒரே ஒரு தடவைதான். கம்பெனி முழுக்கப் பாடம் படித்துக்கொண்டது.

அதனால் முதல் மாதத்திலேயே ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். எந்தப் பிரச்சினை வந்தாலும் இரண்டு தேதி மட்டும் எழுதுங்கள்: கம்பெனியில் முதல் ஆளுக்கு அது தெரிந்த நாள், உங்களுக்குத் தெரிந்த நாள். தப்பு செய்தவர் பெயரை எழுத வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதுதான் உங்கள் நிர்வாகத்தின் மார்க். எனக்கு அந்த கியர்பாக்ஸ் விஷயத்தில் எண்பது நாளுக்கு மேல் வந்தது. குறைப்பதற்கு நான் கண்ட வழி பெரிய வித்தையெல்லாம் இல்லை. வாரம் ஒரு நாள் காலை ஆறரைக்கு சைட்டுக்குப் போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, 'எல்லாம் நல்லாப் போகுதா' என்று கேட்காமல் 'உங்களுக்கு எது உறுத்துது' என்று கேட்பது. முதல் கேள்விக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். இரண்டாவதற்கு நாலைந்து வாரம் பதிலே வராது, பொறுங்கள், அப்புறம் ஒருவர் வாயைத் திறப்பார். அவருக்கு அன்றைக்கு என்ன ஆகிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அங்கேயே சூப்பர்வைசருக்கு போன் போட்டுக் கத்தினீர்களென்றால் கதை முடிந்தது. சூப்பர்வைசரைத் தாண்டி நேராக உத்தரவும் போடாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆபீசுக்கு வந்து முறையாகப் பேசுங்கள்.

அடுத்து பணம். லாப நட்டக் கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார், வங்கியில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே பார்க்க வேண்டும். வரப்போகிற பதின்மூன்று வாரத்துக்கு ஒரு தாள்: எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும். சம்பளம், 15-ஆம் தேதி பி.எஃப்., 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி., வங்கி ஓ.டி.க்கு (இருப்புக்கு மேல் எடுத்த கடனுக்கு) வட்டி, தீபாவளி போனஸ். 'வரும்' என்கிற பக்கத்தில் வாடிக்கையாளர் சொன்ன தேதியைப் போடாதீர்கள், போன மூன்று தடவை அவர் உண்மையில் கொடுத்த தேதியைப் பார்த்துப் போடுங்கள். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது; ஆனால் பெரிய பார்ட்டியிடம் போய்ச் சட்டம் பேச நம்மில் எத்தனை பேருக்கு மனசு வரும்?

இந்த இடத்தில் நம்ம ஓட்டப்பிடாரத்துக்காரரை நினைக்காமல் இருக்க முடியாது. 1906-ல் வ.உ.சி. முன்னின்று தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடி–கொழும்பு வழியில் கப்பல் விட்டதும் எதிர்த்தரப்பு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தார்கள் என்பார்கள். 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்து உள்ளே தள்ளினார்கள், 1911-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. ஒரு அரசாங்கமே எதிரே நின்ற போராட்டத்தை நிர்வாகப் பாடமாகச் சுருக்குவது அவருக்குச் செய்கிற மரியாதை இல்லை என்று தெரியும். இருந்தாலும் இரண்டு கேள்வியை என்னால் விட முடியவில்லை. எதிராளி நஷ்டத்துக்கே விற்றால் நாம் எத்தனை மாதம் தாங்குவோம்? நாளைக்கு நான் இல்லையென்றால் யார் கையெழுத்துப் போடுவார்?

ஆட்கள் விஷயம் சுருக்கமாக. உங்களிடம் நேராக வேலை செய்கிற ஆறேழு பேரைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் வேலையில் பாதி. அதிலும் கணக்கு பார்ப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்து 'இல்லை அண்ணாச்சி, முடியாது' என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அப்புறம் சொந்தக்காரர்கள். சித்தப்பா மகனுக்கு வேலை கொடுக்காமல் இங்கே கம்பெனி நடத்த முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கு நேர்கீழே வைக்காதீர்கள், வேறொரு மேனேஜரிடம் விடுங்கள், தேவைப்பட்டால் வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். சரிப்படவில்லை என்று மனசுக்குப் பட்ட ஒருவரை அடுத்த பொங்கல்வரை பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு தடவையும், அவருக்குக் கீழே இருந்த நல்ல ஆள்தான் முதலில் கிளம்பினார்.

இயக்குநர் போர்டு இருந்தால் மாதம் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், கெட்டது மேலே, நல்லது கீழே. கீழே இருப்பவர்கள் உங்களுக்குச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நீங்கள் மேலே செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

முதலாளி வேறு, சி.இ.ஓ. வேறு என்பதும் நம்ம பக்கம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஆரம்பித்தவரே சாகும்வரை நாற்காலியில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்ட மென்பொருள் கம்பெனி ஸோஹோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சி.இ.ஓ. பொறுப்பை விட்டு, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிப் பக்கம் போனார், அந்தப் பொறுப்புக்குச் சைலேஷ் குமார் டேவி வந்தார். தனக்கு எந்த வேலை வரும், எது வராது என்று நாமும் வருடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாமே.

நாம் இல்லாமலும் கம்பெனி ஓடுமா என்று சோதிக்க எளிய வழி, சீசன் நடுவில், காற்றும் குற்றாலச் சாரலும் ஒன்றாக இருக்கிற ஆனி ஆடியில், போனை அணைத்துவிட்டுப் பத்து நாள் போய்விடுவது. முதல் வருடம் மூன்றாம் நாளே திரும்பி ஓடிவந்தேன். இரண்டாம் வருடம் ஆறு நாள். நாலாவது வருடம் பத்து நாளும் முடித்துவிட்டு ஐந்தருவிப் பக்கம் ஈரத் துண்டோடு போனைப் போட்டேன். இருபத்திரண்டு மிஸ்டு கால், எல்லாம் கல்யாணப் பத்திரிகை வைக்கத் தேடியவர்கள். ஆபீசிலிருந்து ஒன்றே ஒன்று, மேனேஜர் அனுப்பிய குறுஞ்செய்தி: 'ஏழாம் நம்பரில் சத்தம் கேட்டது, அன்றைக்கே நிறுத்திப் பார்த்துவிட்டோம். நீங்க மெதுவா வாங்க.'