கடைசி ரிலே வரை இழுக்கும் நீச்சல் பட்டப் போட்டி: புள்ளிக்கணக்கு வைத்துப் பார்க்கும் முறை

அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்சிஏஏ முதல் பிரிவு நீச்சல், டைவிங் போட்டியில் யார் எத்தனை முதலிடம் பிடித்தார்கள் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அணிப் பட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கடைசிவரை பிடிபடாது. 2018-இல் ஆண்கள் பட்டத்தை டெக்சாஸ் 449 புள்ளிகளோடு வென்றது. கலிஃபோர்னியாவுக்கு 437.5, இண்டியானாவுக்கு 422. முதல் இரண்டு அணிகளுக்கும் இடையே இருந்த 11.5 புள்ளி எவ்வளவு சிறியது என்று பாருங்கள்: ஒரே ஒரு ஃபைனலில் எட்டாவதாக வருபவருக்கே 11 புள்ளி உண்டு. 2001-இல் பெண்கள் பிரிவில் ஜார்ஜியா 389, ஸ்டான்ஃபோர்டு 387.5. 1974-இல் தொடர்ந்து ஆறு முறை பட்டம் வென்றிருந்த இண்டியானாவை தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 339-338 என்று ஒரே புள்ளியில் வீழ்த்தியது. இப்படிப்பட்ட போட்டியைப் புரிந்து பார்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும். எக்செல் இருந்தால் இன்னும் வசதி.

முதலில் புள்ளி அளவை எழுதிக்கொள்ளுங்கள். தனிநபர் போட்டியில் 16 இடங்களுக்குப் புள்ளி உண்டு:

ஏ ஃபைனல் (1 முதல் 8 வரை): 20, 17, 16, 15, 14, 13, 12, 11
பி ஃபைனல் (9 முதல் 16 வரை): 9, 7, 6, 5, 4, 3, 2, 1

ரிலேயில் இவை அப்படியே இரட்டிப்பு: முதலிடம் 40, இரண்டாம் இடம் 34, மூன்றாவது 32, பதினாறாவது 2. நீச்சலில் 13 தனிநபர் போட்டிகள், டைவிங்கில் 3, ரிலே 5. ஆக மொத்தம் 21. நேரம் நூறில் ஒரு நொடிவரை சமமாக இருந்தால் இரு இடங்களின் புள்ளியைக் கூட்டிப் பாதியாகப் பிரிப்பார்கள். மூன்றாம் இடத்தில் இருவர் என்றால் 16-உம் 15-உம் சேர்ந்து ஆளுக்கு 15.5. மேலே கண்ட அரைப் புள்ளிகள் வந்தது இப்படித்தான்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் உள்ள கோடு. காலை ப்ரிலிம்ஸில் (தகுதிச் சுற்றில்) ஒன்பதாவதாக வந்தவர் மாலையில் பி ஃபைனலில்தான் நீந்துவார். அங்கே அவர் ஏ ஃபைனல் வெற்றியாளரைவிட வேகமாக நீந்தினாலும் கிடைப்பது 9 புள்ளிதான். ஏ ஃபைனலில் கடைசியாக வந்தவருக்கோ 11. மாலைக்குத் தெம்பை மிச்சம் பிடிக்கலாம் என்று காலையில் கடைசி 25 கெஜத்தில் கையைத் தளர்த்திய நட்சத்திரங்கள் அணியைக் கவிழ்ப்பது இந்த இடத்தில்தான். நெருக்கமான பட்டப் போட்டியில் மாலை நேர ஒளிபரப்பை மட்டும் பார்ப்பவர் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார் என்பது எங்கள் கருத்து. காலையில் எட்டாம் இடத்துக்கு இருவர் சமமாக வந்தால் அவர்களை மறுபடி தனியாக நீந்த விடுவார்கள். பார்க்க ஆளே இருக்காது. ஆனால் அன்றைய நாளின் மிக முக்கியமான பந்தயம் அதுவாகவே இருக்கலாம்.

இனி தாளைத் தயார் செய்வோம். போட்டிக்கு முன்பு வெளியாகும் சைக் ஷீட்டில் ஒவ்வொருவரும் அந்தப் பருவத்தில் எடுத்த நேரங்கள் வரிசையாக இருக்கும். அதே வரிசையில் முடிந்தால் எந்த அணிக்கு எத்தனை புள்ளி என்று போட்டிவாரியாக எழுதுங்கள். இது தாளின் முதல் பத்தி (நெடுவரிசை). இந்தக் கூட்டுத்தொகையை வைத்து யார் வெல்வார் என்று பந்தயம் கட்டாதீர்கள். சிலர் பிப்ரவரியில் நடக்கும் கான்ஃபரன்ஸ் (கல்லூரிக் கூட்டமைப்பு) போட்டிக்கே முழு ஓய்வெடுத்து உச்ச நேரம் போட்டிருப்பார்கள். சிலர் மார்ச்சில் நடக்கும் இந்தப் பட்டப் போட்டிக்காகக் காத்திருப்பார்கள். டைவிங் இந்தக் கணக்கில் வரவே வராது. முதல் பத்தி ஒரு அளவுகோல் மட்டுமே.

காலை ப்ரிலிம்ஸ் முடிந்ததும் இரண்டாம் பத்தி: ஒவ்வொரு அணிக்கும் மேலே எத்தனை பேர், கீழே எத்தனை பேர். ஏ ஃபைனல் என்றால் மேலே, பி ஃபைனல் என்றால் கீழே. மேலே இருப்பவரின் சராசரி மதிப்பு 14.75, கீழே இருப்பவருடையது 4.6. ஓர் அணிக்கு 4 மேலே, 3 கீழே என்றால் ஏறக்குறைய 73 புள்ளி. எதிரணிக்கு 3 மேலே, 6 கீழே என்றால் 72. ஃபைனலுக்குப் போனவர்கள் ஏழு பேர், ஒன்பது பேர் என்று தலையை மட்டும் எண்ணினால் இரண்டாவது அணி முந்துவதுபோலத் தெரியும். கீழே இருக்கும் மூவர் சேர்ந்தாலும் மேலே இருக்கும் ஒருவருக்கு ஈடாக மாட்டார்கள்.

மாலையில் மூன்றாம் பத்தி: உண்மையில் கிடைத்த புள்ளியிலிருந்து முதல் பத்தியின் புள்ளியைக் கழித்து, கூட்டல் கழித்தலாக எழுதிக்கொண்டே வாருங்கள். திரையில் ஓடும் அணிப் புள்ளி ஏமாற்றும். ஓர் அணியின் பலமான போட்டிகள் முடிந்திருக்கும், மற்றதன் பலம் இன்னும் வந்திருக்காது. நடுவில் 30 புள்ளி பின்தங்கிய அணி உங்கள் தாளில் +12 என்று நின்றால் அதுதான் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறது. எதிராளிகள் இருவர் நேருக்கு நேர் இடம் மாறினால் வித்தியாசம் இரட்டிப்பாகும் என்பதையும் மறக்க வேண்டாம்: முதலிடமும் இரண்டாமிடமும் கைமாறினால் 3 இல்லை, 6 புள்ளி. ஃபைனலில் தகுதிநீக்கம் ஆனவருக்குப் புள்ளியே இல்லை. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒரு கை முந்தித் தொட்டாலோ, பேக் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் 15 மீட்டரைத் தாண்டி நீருக்குள்ளேயே போனாலோ போதும்.

1650 கெஜ ஃப்ரீஸ்டைலுக்கு மேலே கீழே கணக்கு செல்லாது. அதற்கு ப்ரிலிம்ஸ் கிடையாது. எல்லா ஹீட்டுகளின் (குழுவாகப் பிரித்து நடத்தும் பந்தயங்களின்) நேரத்தையும் சேர்த்து வரிசைப்படுத்துவார்கள். வேகமான ஹீட் மட்டும் மாலையில் நடக்கும். பிற்பகல் ஹீட்டில் நீந்திய ஒருவர் மூன்றாம் இடம்வரை போய்விட முடியும் என்பதால் பிற்பகல் நேரங்களைக் கையில் வைத்துக்கொண்டு மாலை ஹீட்டைப் பாருங்கள்.

ஒரு வீரர் அதிகபட்சம் 7 போட்டிகளில் இறங்கலாம். அவற்றில் தனிநபர் போட்டி மூன்றுக்கு மேல் கூடாது. மூன்று தனிநபர் போட்டி எடுத்தவருக்கு ரிலே நான்குதான். ரிலேக்களோ ஐந்து. ஆகவே நட்சத்திரத்தை எந்த ரிலேயில் உட்கார வைப்பது என்பதுதான் பயிற்சியாளரின் பெரிய தலைவலி. 2025-இல் டெக்சாஸ் 490, கலிஃபோர்னியா 471, இண்டியானா 459 என்று முடிந்தபோது டெக்சாஸின் ஹூபர்ட் கோஸ் 200 தனிநபர் மெட்லி (நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்துவது), 100 பேக், 200 பேக் மூன்றையும் வென்று ஒருவரால் தனியாக எடுக்கக்கூடிய உச்சமான 60 புள்ளியையும் எடுத்தார். அணிக்கு 18 பேர் வரம்பு. டைவர் ஒருவர் அதில் அரை ஆளாகக் கணக்கு. 16 நீச்சல்காரர்களும் 4 டைவர்களும் கொண்ட அணி வரம்புக்குள் சரியாக அடங்கிவிடும்.

டைவிங்கைத் தவிர்த்துக் கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம், தவறுவதும் அவர்கள்தான். 1 மீட்டர், 3 மீட்டர், பிளாட்ஃபாரம் ஒவ்வொன்றுக்கும் நீச்சலைப் போலவே 20 முதல் 1 வரை புள்ளி. 2024-இல் இண்டியானாவின் கார்சன் டைலர் 3 மீட்டரையும் பிளாட்ஃபாரத்தையும் வென்று 40 புள்ளி எடுத்தார். நால்வர் சேர்ந்து ஒரு ரிலேயை வென்றால் கிடைப்பதும் அதேதான். நடுவர் மதிப்பெண்களில் மேலேயும் கீழேயும் உள்ளவற்றை நீக்கிவிட்டு நடுவிலுள்ள மூன்றைக் கூட்டி, பாய்ச்சலின் கடின அளவால் பெருக்குவார்கள். 7, 7.5, 7.5 என்றால் 22. கடின அளவு 3.0 என்றால் 66. ஒரு பாய்ச்சல் பூஜ்யம் வாங்கினால் மிஞ்சிய சுற்றுகளில் அதை ஈடுகட்டுவது கடினம் என்பதால், நீச்சலில் நடக்காத தலைகீழ் மாற்றம் இங்கே நடக்கும். கடைசி நாள் மாலையில் பிளாட்ஃபாரம் ஃபைனல் முடியாமல் தாளில் கூட்டல் போடாதீர்கள்.

பிறகு மிச்சம் இருப்பது 400 கெஜ ஃப்ரீஸ்டைல் ரிலே. முன்னணியில் உள்ள அணிக்கு எதிராகக் கணக்கிடுங்கள்: துரத்தும் அணி முதலிடம் பிடித்து 40 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னிலை 7 என்றால் இரண்டாவதாக வர வேண்டும். மூன்றாவதாக வந்தால் பட்டம் போச்சு. 9 என்றால் மூன்றாமிடம் போதும். 13 என்றால் ஐந்தாமிடம், 19 என்றால் எட்டாமிடம். முன்னிலை 40-க்கு மேல் இருந்தால் தகுதிநீக்கமே ஆனாலும் கவலையில்லை. 19-க்கும் 40-க்கும் இடையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டியது வேகத்துக்கு அல்ல, கைமாற்றத்துக்கு: முந்தையவர் சுவரைத் தொடுமுன் அடுத்தவரின் கால் மேடையைவிட்டுக் கிளம்பினால் மொத்தப் புள்ளியும் பறிபோகும். அந்த நிலையில் ஒவ்வொரு கைமாற்றத்திலும் 0.2 நொடி கூடுதலாகக் காத்திருக்கச் சொல்வதே நல்ல பயிற்சியாளரின் வேலை. மூன்று கைமாற்றத்துக்கும் சேர்த்து 0.6 நொடி போகும். இரண்டோ மூன்றோ இடம் சறுக்கினால் 4 முதல் 6 புள்ளி நஷ்டம். அதற்கு இடமிருக்கிறதா என்பதை உங்கள் தாளே சொல்லும்.