பழைய புல்லட்டில் மெயின் பேரிங் ஏற்ற சுத்தியல் வேண்டாம்

காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350 வைத்திருப்பவர்கள் நம்ம திருநெல்வேலிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இன்ஜினைப் பிரித்து மெயின் பேரிங் (கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கிச் சுற்றவிடும் பேரிங்) மாற்றப் போகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும் சொல்கிறேன், பேரிங்கை அடித்து ஏற்றாதீர்கள், அடுத்தவர் அடித்து ஏற்றவும் விடாதீர்கள்.

என் வண்டிக்கு ஒரு பட்டறையில் அடித்துத்தான் ஏற்றினார்கள். சில மாதத்திலேயே, நாங்குநேரி தாண்டி வரும்போது அடியிலிருந்து ஒரு உறுமல். பிரித்துப் பார்த்தால் பேரிங்கின் ரேஸில், அதாவது அதன் வளையத்தில், குண்டு ஓடும் தடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழி; கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆனால் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. வண்ணார்பேட்டைப் பக்கம் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பி, அடிச்சு ஏத்துனா அது ஏறாது, கேஸக் கிழிச்சுக்கிட்டுதான் உள்ள போகும்" என்றார். அவர் சொன்ன கேஸில், அதாவது இன்ஜினின் அடிக்கூட்டில், பேரிங் உட்காரும் குழியின் சுவரில் செதுக்கினாற்போல ஒரு கோடும் இருந்தது.

காஸ்ட் அயர்ன் என்பது பேரலுக்கு, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டருக்குத்தான். பேரிங் உட்காரும் கிராங்க் கேஸ் அலுமினியம், பேரிங் எஃகு. சூடு ஏறினால் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 62 மில்லிமீட்டர் குழி என்று வைத்துக்கொள்ளுங்கள், 80 டிகிரி சூடு கூடினால் 0.11 மில்லிமீட்டர் அகலமாகும். அதே அளவுள்ள பேரிங்கை ஃப்ரீசரில் வைத்தால் 0.03 சுருங்கும். பேரிங் இறுக்கமாக இருப்பதே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான், அதனால் இந்த இடைவெளி தாராளம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையை வரட்டி நெருப்பில் சுட வைத்து மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்களே, அதே வேலைதான்.

முந்தின நாள் ராத்திரியே புதுப் பேரிங்குக்கு லேசாக எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். நம்ம ஊர் வெக்கையில் வெளியே எடுத்த உடனே வியர்த்துவிடும், கவரை ஏற்றும் நொடியில்தான் பிரிக்க வேண்டும். வாங்கும்போதே பழைய பேரிங்கில் உள்ள நம்பரை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள், பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்து. அது உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது என்று அர்த்தம். அது இல்லாததைப் போட்டால் இறுக்கத்தில் உட்கார்ந்ததும் சுற்றவே திணறும்.

கேஸில் ஆயில் சீல், சர்க்ளிப் (பேரிங் நகராமல் பிடிக்கும் வளையம்) எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக வெயிலில் காயப் போடுங்கள். ஈரம் இருக்கும்போது சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. அப்புறம், சமையலுக்கு இனி வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய ஓவனில் 110 டிகிரி வைத்து அரை மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். வெல்டிங் டார்ச்சால் ஒரே இடத்தில் காட்டினால் கேஸ் கோணிக்கொள்ளும். சூடு போதுமா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், சுர்ரென்று பொங்கிக் காய வேண்டும். பழைய பேரிங் உள்ளே இருந்தால் இந்தச் சூட்டிலேயே கேஸைக் கவிழ்த்து மரப்பலகையில் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும்.

இப்போது தடித்த கையுறையோடு புதுப் பேரிங்கை எடுத்து நேராக வையுங்கள். கோணாமல் வைத்தால் டொக் என்று ஒரு சத்தத்தோடு அடிவரை இறங்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் மனசுக்கு நிம்மதி. பாதியில் நின்றால் சுத்தியலைத் தேடாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி சூடாக்குங்கள். அழுத்த வேண்டி வந்தால் பழைய பேரிங்கின் அவுட்டர் ரேஸை வைத்து, புதுசின் அவுட்டர் ரேஸ் மேல் மட்டும் அழுத்துங்கள். இன்னர் ரேஸில் அழுத்தினால் அந்த விசை முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் போகும், என் பேரிங்கில் குழி விழுந்தது அப்படித்தான். இறங்கியதும் ஒரு நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள், கேஸ் ஆறும்போது பேரிங் மேலே எழும்பாமல் இருக்கும்.

குண்டுக்குப் பதில் உருளை உள்ள ரோலர் பேரிங் என்றால் இன்னர் ரேஸ் தனியாகக் கழன்று வரும், அது ஷாஃப்ட்டில் ஏற வேண்டியது. அங்கே கணக்கு தலைகீழ்: ரேஸைச் சூடாக்க வேண்டும், 120 டிகிரியைத் தாண்டவே கூடாது, தாண்டினால் எஃகின் கடினம் போய்விடும். அது விரிவதும் கொஞ்சம்தான் என்பதால் கை தாமதிக்கக் கூடாது.

கேஸ் குளிர்ந்திருக்கும்போதே பேரிங் கைவிட்டதும் உள்ளே விழுகிறதா? குழி தேய்ந்துவிட்டது. சிலர் பஞ்ச்சால் சுவரில் புள்ளி குத்தி இறுக்குவார்கள், அந்தப் புள்ளிகள் சீக்கிரமே நசுங்கிவிடும், பேரிங் நேராகவும் நிற்காது. லேத்தில் குழியைக் கடைந்து ஸ்லீவ் (உள்ளே செருகும் உலோக வளையம்) போடுவதுதான் சரி, செலவானாலும்.

எல்லாம் முழுசாக ஆறிய பிறகு, எண்ணெய் விட்டு விரலால் சுற்றிப் பாருங்கள். எங்கேயும் பிடிக்காமல், கரகரக்காமல் ஓடினால் சர்க்ளிப்பை மாட்டிவிட்டுக் கேஸைச் சேர்க்கலாம்.