அகலக்காலா, அடுத்த அடியா? பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் புதிய முயற்சியை எடைபோடுவது எப்படி

தேடுபொறி நடத்தும் நிறுவனம் ஓட்டுநர் இல்லாத காரை எதற்காகச் செய்ய வேண்டும் என்று கேட்டால், "தெரிந்த தொழிலை மட்டும் பார்க்க வேண்டியதுதானே" என்று ஒரு தரப்பும், "புதிதாக எதுவும் செய்யாவிட்டால், பழைய ஃபிலிம் தொழிலையே பிடித்துக்கொண்டு நொடித்துப்போன கோடக்கின் கதிதான்" என்று மறுதரப்பும் பேச்சை முடித்துவிடுகின்றன. இரண்டுக்கும் பின்னால் கணக்கு எதுவும் இருப்பதில்லை. அந்த நிறுவனத்தின் பங்கை வாங்க நினைப்பவரும், அதன் சேவையை நம்பித் தொழில் நடத்துபவரும், அங்கே வேலைக்குச் சேரப் போகிறவரும் இதைத் தாமே எடைபோட்டுப் பார்க்கலாம். ஓர் ஆண்டறிக்கையும் ஒரு மாலைப் பொழுதும் போதும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டை வைத்து அதைச் செய்து பார்ப்போம்.

முதல் வேலை, மூலத் தொழில் எது என்று கண்டுபிடிப்பது. நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது மூலத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை; லாபம் எந்த மடையின் வழியாக வருகிறதோ அதுவே மூலத் தொழில். ஆல்ஃபபெட் ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பிடம் தாக்கல் செய்யும் 10-கே அறிக்கை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியது. நூறு பக்கங்களை வரிசையாகப் படிக்க வேண்டாம். 'செக்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை அதற்குள் தேடினால் பிரிவுவாரிக் கணக்கு அட்டவணை கிடைத்துவிடும். 2023ஆம் ஆண்டுக்கான அட்டவணையில் மொத்த வருவாய் ஏறத்தாழ 30,739 கோடி டாலர். அதில் விளம்பரத்தின் பங்கு 23,785 கோடி, அதாவது நூற்றுக்கு 77. தேடல், யூடியூப், ஆண்ட்ராய்டு ஆகியவை அடங்கிய 'கூகுள் சர்வீசஸ்' பிரிவின் செயல்பாட்டு லாபம் (வட்டி, வரி போன்றவற்றைக் கணக்கில் சேர்ப்பதற்கு முந்தைய லாபம்) 9,586 கோடி. கணினித் திறனையும் சேமிப்பிடத்தையும் இணையம் வழியே வாடகைக்கு விடும் கிளவுட் பிரிவின் லாபம் வெறும் 172 கோடி. ஓட்டுநர் இல்லாத கார் உள்ளிட்ட 'அதர் பெட்ஸ்' (பிற பந்தயங்கள்) பிரிவுக்கு 410 கோடி நஷ்டம். ஆக, நாம் எடுத்துக்கொண்ட நிறுவனத்தின் மூலத் தொழில் தேடல்கூட அல்ல, தேடுபவரின் கண்முன் விளம்பரத்தை வைப்பது.

இதே சோதனையை அமேசானில் செய்து பார்த்தால் விடை திடுக்கிட வைக்கும். 2023இல் அதன் கிளவுட் பிரிவான ஏ.டபிள்யூ.எஸ். மொத்த வருவாயில் நூற்றுக்கு 16 மட்டுமே கொண்டுவந்தது. செயல்பாட்டு லாபத்திலோ மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. 2006இல் "கடைக்காரருக்கு இது எதற்கு" என்று கேட்டிருக்கக்கூடிய தொழில் அது. மூலத் தொழில் இடம் மாறக்கூடியது என்பதால், பழைய அறிக்கையை வைத்துப் புதிய முடிவுக்கு வரக் கூடாது.

அடுத்ததாக, புதிய முயற்சிக்கும் மூலத் தொழிலுக்கும் என்ன உறவு என்று கேட்க வேண்டும். என் பார்வையில் இந்த வழிமுறையின் உயிர்நாடி இதுதான். ஏற்கெனவே கையில் இருக்கும் ஏதோ ஒன்று, அது ஆள்திறனாகவோ இயந்திரமாகவோ வாடிக்கையாளர் கூட்டமாகவோ இருக்கலாம், புதிய தொழிலில் அப்படியே பயன்படுமா என்பது முதல் கேள்வி. 2006இல் யூடியூபை 165 கோடி டாலருக்குக் கூகுள் வாங்கியபோது விலை அதிகம் என்ற பேச்சு எழுந்தது. ஆனால், வீடியோக்களைத் தாங்கும் சர்வர்களும் அவற்றைக் காசாக்கும் விளம்பர ஏற்பாடும் கூகுளிடம் இருந்தன. கூகுளின் சொந்த வீடியோ சேவையால் திரட்ட முடியாத பார்வையாளர் கூட்டம் யூடியூபிடம் இருந்தது. 2023இல் யூடியூப் விளம்பர வருவாய் மட்டும் 3,151 கோடி டாலர்.

புதியது மூலத் தொழிலுக்கு வேலியாக நிற்குமா என்பது இரண்டாவது கேள்வி. 2005இல் வாங்கிய ஆண்ட்ராய்டையும் 2008இல் வெளியிட்ட குரோமையும் கூகுள் இலவசமாகக் கொடுப்பது தாராள மனத்தால் மட்டும் அல்ல. தேடல் பெட்டிக்குப் போகும் வழி வேறொருவர் கையில் இருந்தால் அதற்குச் சுங்கம் கட்ட வேண்டிவரும். 2021இல் மட்டும் பிறருடைய சாதனங்களிலும் உலாவிகளிலும் பயனர் மாற்றாதவரை தானாக வரும் இயல்பு தேடுபொறியாக இருப்பதற்குக் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது. சுங்கமே இவ்வளவு என்றால், சொந்தப் பாதை போட்டுக்கொள்வதை அகலக்கால் என்று சொல்ல முடியாது. ஆனால், வேலி உயர உயரச் சட்டத்தின் கண்ணில் படும். ஆண்ட்ராய்டு தொடர்பான கட்டுப்பாடுகளுக்காக ஐரோப்பிய ஆணையம் 2018இல் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமும் கூகுள் தேடல் சந்தையில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்தது என்று தீர்ப்பளித்தது.

இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்ற விடை வந்தால் எச்சரிக்கையாகிவிட வேண்டும். 2012இல் 1,250 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட மோட்டரோலா மொபிலிட்டி அதற்கு நல்ல சான்று. கைபேசித் தயாரிப்பு என்பது உதிரிபாகம், சரக்கு இருப்பு, விற்பனையாளர் கமிஷன், மிக மெல்லிய லாபம் என்று வேறொரு உலகம். போதாக்குறைக்கு, ஆண்ட்ராய்டை நம்பிக் கைபேசி செய்துகொண்டிருந்த மற்ற நிறுவனங்களுக்கே கூகுள் போட்டியாளராகிவிட்டது. 2014இல் கைபேசித் தொழிலை லெனோவாவுக்கு விற்பதாக அறிவித்தபோது விலை சுமார் 291 கோடி டாலர். நேர்மையாகக் கணக்குப் பார்ப்பதானால், காப்புரிமைகளில் பெரும்பகுதியைக் கூகுள் தன்னிடமே வைத்துக்கொண்டது என்பதையும், செட்-டாப் பாக்ஸ் பிரிவைத் தனியாக விற்றது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாங்கிய விலையிலிருந்து விற்ற விலையைக் கழித்து நஷ்டம் இவ்வளவு என்று சொல்லிவிடுவது அரைகுறைக் கணக்கு.

மூன்றாவதாக, நஷ்டத்தை அதன் தொகையால் அளக்காமல், தாங்கும் சக்தியோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். 410 கோடி டாலர் என்றதும் தலை சுற்றலாம். மூலத் தொழில் ஈட்டும் ஒவ்வொரு நூறு டாலருக்கும் நாலேகால் டாலர் அது. ஓட்டுநர் இல்லாத காரான வேமோ, மூலத் தொழிலோடு உள்ள உறவைப் பார்க்கும் சோதனையில் பாதி மதிப்பெண்தான் பெறும்: வரைபடமும் இயந்திரக் கற்றலும் கூகுளின் கைச்சரக்கு, வாடகை வண்டிகளைப் பராமரிப்பதும் ஊருக்கு ஊர் அனுமதி வாங்குவதும் அல்ல. ஆயினும் தாங்கக்கூடிய பந்தயம் என்பதால் அதைத் தொடர்வதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த அளவுகோல் கூகுளுக்கே புதிதல்ல. எரிக் ஷ்மிட் தலைமையில் இருந்தபோது உழைப்பை மூலத் தொழிலுக்கு 70, அதை ஒட்டியவற்றுக்கு 20, தொடர்பற்றவற்றுக்கு 10 என்று பிரிக்கும் விகிதத்தை முன்வைத்தார்.

இந்த இடத்தில் கணக்கியல் மாற்றங்களையும் கவனிக்க வேண்டும். கிளவுட் பிரிவு 2020இல் 561 கோடி டாலர் நஷ்டத்தில் இருந்து 2023இல் லாபத்துக்கு வந்தது உண்மையான சாதனைதான். ஆனால், அதே 2023இல் சர்வர்களின் ஆயுளை நான்கு ஆண்டிலிருந்து ஆறு ஆண்டாக நிறுவனம் திருத்திக்கொண்டது. முக்கியமாக அந்தத் திருத்தத்தால் நிறுவனம் முழுவதற்குமான தேய்மானச் செலவு (கருவியின் விலையை அதன் ஆயுள் ஆண்டுகளுக்குப் பிரித்து ஆண்டுதோறும் எழுதும் செலவு) சுமார் 390 கோடி டாலர் குறைந்தது. ஆகவே லாபக் கோட்டைப் பார்க்கும்போது அடிக்குறிப்பையும் பார்ப்பது நல்லது.

கடைசியாக, சரிப்படாத முயற்சியை நிறுத்துவது யார், எப்படி நிறுத்துகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். ஆல்ஃபபெட்டில் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கெய் பிரினும் ஒரு பங்குக்குப் பத்து வாக்கு உள்ள சிறப்புப் பங்குகள் மூலம் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளை வைத்திருப்பதால், சாதாரணப் பங்குதாரர் பொதுக்கூட்டத்தில் எதையும் தடுத்துவிட முடியாது. பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு வெளியேறலாம், அவ்வளவே. நிறுத்தும் விதமோ சேவைக்குச் சேவை வேறுபடும். விளையாட்டுச் சேவையான ஸ்டேடியாவை 2023 ஜனவரியில் மூடியபோது, கருவிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் கொடுத்த பணம் பயனர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. 2013இல் மூடப்பட்ட ரீடர், பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்கத் தந்த இலவசச் சேவை. அதை அன்றாடம் நம்பியிருந்தவர்களுக்குத் திரும்பக் கிடைக்கப் பணம் இல்லை, பழக்கம் போனதுதான் மிச்சம். எனவே, பெரிய நிறுவனத்தின் ஓரத் தொழிலை நம்பி உங்கள் கடையையோ தரவையோ வைப்பதற்கு முன், அதிலிருந்து அனைத்தையும் பதிவிறக்கம் செய்து எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று ஒருமுறை செய்தே பாருங்கள்.

இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மூலத் தொழிலின் லாபம், புதிய பிரிவின் வருவாய், அதன் நஷ்டம், எந்த நிலை வந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்ற ஒரு வரி. ஆல்ஃபபெட் வழக்கமாக ஆண்டின் தொடக்கத்தில் புதிய 10-கே அறிக்கையை வெளியிடும். அது வந்ததும் அதே அட்டவணையைத் திறந்து, பழைய எண்களுக்கு அருகில் புதிய எண்களை எழுதுங்கள். பிரிவுகளின் பெயரோ எல்லையோ மாற்றப்பட்டிருந்தால், எண்களை ஒப்பிடுவதற்கு முன் அந்த மாற்றத்துக்கான விளக்கத்தைப் படித்துவிடுங்கள்.