இரவில் நம்பர் பிளேட் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறதா? கேமரா செட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசல் கேமராவில் ராத்திரி ஒரு கார் போகிறது. எதிர்வீட்டுச் சுவர் தெரிகிறது, தெருவில் படுத்திருக்கும் நாய்கூடத் தெரிகிறது. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம். உடனே கேமராவைக் குறை சொல்லி 8 மெகாபிக்சல் வாங்கி மாட்டுவார்கள். அதிலும் அதே வெள்ளைக் கட்டம்தான் வரும், கொஞ்சம் கூர்மையாக.

கோளாறு பெரும்பாலும் ஷட்டரில்தான், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தில். அது நீண்டால் பிளேட் வெளுக்கும், ஓடும் எழுத்தும் கலங்கும். ஆட்டோவில் விட்ட கேமரா, இருட்டினதும் ஷட்டரை 1/25 நொடிவரை இறக்கிக்கொள்ளும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் வண்டி அதற்குள் 22 செ.மீ. நகர்ந்துவிடும். கார் பிளேட்டில் எழுத்துக் கோட்டின் தடிமனோ 10 மி.மீ.தான், எழுத்து எப்படி மிஞ்சும்? 1/1000-ல் அதே வண்டி 6 மி.மீ.கூட நகராது. ஆகவே எக்ஸ்போஷரை (ஒளி அளவுக்கான செட்டிங்) மேனுவலுக்கு மாற்றுங்கள். வேகத்தடை உள்ள கேட்டுக்கு 1/500, தெருவுக்கு 1/1000 என்று தொடங்கலாம். சில மெனுக்களில் இது 0–2, 0–1 மில்லி நொடி என்று வரம்பாக இருக்கும். ஷட்டரை மாற்றவே விடவில்லை என்றால் டபிள்யூடிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா, ஆன்டி ஃபிளிக்கர் (விளக்கின் மினுமினுப்பைத் தவிர்ப்பது) 50 ஹெர்ட்ஸில் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் அணைத்துவிடலாம்.

இப்போது திரை கிட்டத்தட்ட கறுப்பாகிவிடும். இந்த இடத்தில்தான் பலர் பயந்து ஷட்டரைப் பழையபடி இறக்கிவிடுகிறார்கள், அல்லது கெயினை, அதாவது சென்சாரின் சிக்னலைப் பெருக்கிப் படத்தை வெளிச்சமாக்கும் அளவை, 100-க்கு ஏற்றுகிறார்கள். வேண்டாம். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளில் இருக்கும் உயர் பாதுகாப்பு பிளேட்டின் மேற்பரப்பு, விழுந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அதனால் சுற்றிலும் இருட்டாக இருந்தாலும் பிளேட் பளிச்சென்று வரும். கறுப்புப் படமும் நடுவில் தெளிவான எண்ணும் கிடைத்தால் செட்டிங் சரி என்று அர்த்தம். ஆளையும் தெருவையும் பார்க்க இன்னொரு கேமரா வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேலையையும் ஒன்றிடம் கேட்டால் இரண்டும் கெடும்.

கெயினை 50-க்குள் நிறுத்துங்கள். எண் இன்னும் வெளுத்தால் முதலில் கெயினை, பிறகு ஐஆர் (கேமராவின் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி) அளவைக் குறையுங்கள். சாயம் பூசிய பழைய பிளேட்டுகள் அவ்வளவாக மின்னாது. அவை அதிகம் வரும் இடமென்றால் கெயினைச் சற்றே ஏற்ற வேண்டியிருக்கும். படத்தின் புள்ளியிரைச்சலைக் குறைக்கும் 3டி டிஎன்ஆர் 20–30 போதும். அதிகமானால் நகரும் எழுத்தையும் புள்ளியிரைச்சல் என்று நினைத்துத் தேய்த்துவிடும்.

ஒளி வந்த வழியே திரும்புவதால் இன்னொரு தவறும் நடக்கிறது. தனி ஐஆர் விளக்கு வாங்கி எதிர்ச் சுவரிலோ பக்கத்துக் கம்பத்திலோ மாட்டுகிறார்கள். பிளேட்டின் ஒளி அந்த விளக்குக்கே திரும்பிப் போகும், கேமராவுக்கு வராது. லென்ஸுக்கு ஒட்டினாற்போல் மாட்டினால்தான் பயன். 940 நானோமீட்டர் விளக்கில் சிவப்புப் புள்ளி தெரியாது என்றாலும், அந்த ஒளிக்கு சென்சாரின் உணர்திறன் குறைவு, 850 நல்லது.

அடுத்தது லென்ஸ். வீட்டுக் கேமராக்களில் பரவலாக இருக்கும் 2.8 மி.மீ. லென்ஸ், 10 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 24 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 4 மெகாபிக்சலில் அரை மீட்டர் நீளமுள்ள கார் பிளேட்டுக்கு 50 பிக்சல்தான் தேறும். பைக்கின் 20 செ.மீ. பிளேட்டுக்கு 20 பிக்சல். தேவையோ 100-க்கு மேல். அதே தூரத்தில் 12 மி.மீ. லென்ஸ் சுமார் 4 மீட்டர் அகலத்தை மட்டும் பார்க்கும். பைக் பிளேட்டும் 100 பிக்சலைத் தாண்டும். 2.7–13.5 மி.மீ. வேரிஃபோக்கல் (ஜூமை மாற்றக்கூடிய லென்ஸ்) வாங்கி ஒரு வண்டி அகலத்துக்கு இழுத்து வைத்துவிடலாம். முதல் மாடிக் கைப்பிடியில் மாட்டிச் செங்குத்தாகக் கீழே பார்ப்பதும் கூடாது. சாய்வு 30 டிகிரிக்குள் இருக்கட்டும்: 3 மீட்டர் உயரத்தில் மாட்டினால் பிளேட் கடக்கும் இடம் குறைந்தது நாலரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முடிந்தால் பின்பக்கத்தைப் பிடியுங்கள். ஹெட்லைட் கண்ணில் அடிக்காது, பைக்குக்கும் பின் பிளேட்தான் பெரியது.

பகலில் ஃபோகஸ் செய்துவிட்டு ஏணியை எடுத்துப் போவது வழக்கம். ஐஆர் ஒளியில் பல லென்ஸ்களின் ஃபோகஸ் சற்று விலகும். இருட்டின பிறகு, பிளேட் கடக்கும் அதே இடத்தில் ஒரு வண்டியை நிறுத்தி, ஷட்டரைத் தற்காலிகமாக 1/50-க்கு இறக்கி, எழுத்து கூர்மையானதும் ஃபோகஸை மேனுவலில் பூட்டுங்கள். பிறகு ஷட்டரை ஏற்றுங்கள். ஆட்டோ ஃபோகஸை விட்டுவைத்தால் கறுப்புப் படத்தில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். பகல்–இரவு மாற்றத்தையும் நேரப்படி வையுங்கள், மாலை 6 முதல் காலை 6 வரை கறுப்பு வெள்ளை. இல்லாவிட்டால் ஒவ்வொரு ஹெட்லைட்டுக்கும் 'டிக்'கென்று கலருக்கு மாறி, சரியாக வண்டி கடக்கும் நொடியில் படம் கெடும்.

கடைசியாக, மொபைலில் லைவ் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது பெரும்பாலும் சப் ஸ்ட்ரீம், அதாவது தரம் குறைத்து அனுப்பும் படம். முழுத் தரப் பதிவான மெயின் ஸ்ட்ரீமை நொடிக்கு 25 ஃபிரேம், 6144 கேபிபிஎஸ், நிலையான பிட்ரேட் (நொடிக்கான டேட்டா அளவு), ஐ-ஃபிரேம் (முழுப் படமாகச் சேமிக்கும் ஃபிரேம்) இடைவெளி 25 என்று வைத்து, 'பிளஸ்' என்று முடியும் கூடுதல் வீடியோ சுருக்கத்தை அணைத்து, ஒரு பைக்கையும் காரையும் ஓட்டச் சொல்லி, என்விஆரில் (கேமரா பதிவுப் பெட்டி) பதிவானதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.