வேலைக்குப் போய்க்கொண்டே ஆன்லைனில் ஹார்டுவேர் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஆன்லைனில் ஹார்டுவேர் படிக்கப் போகிறேன்” என்று யாராவது சொன்னால், எந்த ஹார்டுவேர் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். இந்தப் பெயரில் குறைந்தது மூன்று தனித்தனிப் படிப்புகள் இருக்கின்றன. கம்ப்யூட்டரைப் பிரித்து, பழுது பார்த்து, பாகம் மாற்றும் சர்வீஸ் வேலை ஒன்று. புராசஸர் உள்ளே எப்படி இயங்குகிறது என்று சொல்லும் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் இன்னொன்று. மூன்றாவது, சர்க்யூட், மைக்ரோகன்ட்ரோலர், சிப் வடிவமைப்பு என்று போகும் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம்.

கடையில் சர்வீஸ் வேலை பார்க்கும் ஒருவர், ஐஐடி பெயரைப் பார்த்ததும், ஐஐடிகள் பாடம் நடத்தும் ஆன்லைன் தளமான என்பிடெல்லில் ஆர்க்கிடெக்சர் பாடத்தில் சேர்கிறார். சில வாரங்களில் பைப்லைன், கேஷ் மெமரி கணக்குகள் வருகின்றன. “நமக்குப் படிப்பு ஏறாது” என்று விட்டுவிடுகிறார். படிப்பு ஏறாமல் இல்லை, அவருக்கு வேண்டிய பாடம் அதுவல்ல, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்கான சர்வதேசச் சான்றிதழான காம்ப்டியா ஏ பிளஸ் பாடத்திட்டமோ, மத்திய அரசின் நைலிட் நிறுவனத்தின் ஹார்டுவேர் பராமரிப்புப் படிப்போ அவருக்குப் பொருந்தியிருக்கும். இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. இசிஇ முடித்துவிட்டு கால் சென்டரில் இருப்பவர், சிப் கம்பெனிக்குப் போக நினைத்து ஏ பிளஸ் எழுதுவார். அந்தக் கம்பெனியின் இன்டர்வியூவில் சிப் வடிவமைப்பை எழுதும் மொழியான வெரிலாக் கேட்பார்களே தவிர, பிரின்டரில் பேப்பர் சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்க மாட்டார்கள்.

அடுத்து, சான்றிதழ். “வீட்டிலிருந்தே பிஇ” என்று போனில் யாராவது கூவினால் அங்கேயே வைத்துவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020 விதிமுறைப்படி பொறியியல் படிப்பைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த முடியாது. உரிய அனுமதி இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூர வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 3-ஆம் தேதி தீர்ப்பில், சேர்ந்த ஆண்டைப் பொறுத்து, நிறுத்திவைத்தது அல்லது ரத்து செய்தது. வேலை, புரொமோஷன் என்று அந்தப் பட்டத்தை நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆன்லைன் பிசிஏவுக்கு அனுமதி உண்டு. ஆனால் அது பெரும்பாலும் சாஃப்ட்வேர் படிப்பு, ஹார்டுவேர் ஒன்றிரண்டு தாள்களோடு முடிந்துவிடும். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்புக்கு அனுமதி என்பது யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்திலேயே இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள், ஏஜென்ட் அனுப்பும் பிடிஎஃப்பை நம்பாதீர்கள்.

பட்டமே வேண்டும், அதுவும் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் என்பவர்களுக்கு ஐஐடி மெட்ராஸ் 2023-இல் தொடங்கிய எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பிஎஸ் படிப்பு ஒரு நல்ல வழி. ஜேஇஇ தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். ஆனால் ‘ஆன்லைன்’ என்றதும் எல்லாமே வீட்டிலேயே முடிந்துவிடும் என்று நினைத்துச் சேராதீர்கள். தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும், லேப் பாடங்களுக்குச் சென்னை வளாகத்துக்கே வர வேண்டும். கோவையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர் அதற்கான லீவையும் பயணச் செலவையும் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பாடத்தில் சேர்ந்தாகிவிட்டது. இனி வருவதுதான் பெரிய தவறு: நேரத்தைத் தலைகீழாகப் பிரிப்பது. வார நாளில் ஆபீஸ் முடிந்து வந்தால் களைப்பு, அதனால் எல்லா வீடியோவையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுவார்கள். அன்று ஐந்து மணி நேரம் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுப் படித்து முடித்துவிட்டதாக நினைப்பார்கள். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். வீடியோவை பஸ்ஸிலும் ரயிலிலும் இருபது இருபது நிமிடமாகப் பார்த்துக்கொள்ளலாம். கைவேலையை அப்படித் துண்டு போட முடியாது. மேஜையில் பரப்பி, கழற்றி, அளந்து, திரும்ப மாட்ட இரண்டு மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் வேண்டும். ஆகவே பாடம் கேட்பதை வார நாளுக்கு மாற்றுங்கள். ஞாயிறு காலையைக் கைவேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு ஒரு பழைய மெஷின் வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பைப் பிரித்துப் பார்க்கிற வேலையே வேண்டாம், அதில் சிமுலேட்டர் போடுவதற்கும் ஐடி டீமிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். லேப்டாப்பே இதற்குச் சரிவராது. பலவற்றில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், கழற்றி மாட்ட எதுவும் மிஞ்சாது. டெஸ்க்டாப்தான் நல்லது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய புராசஸர்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பதால், ஆபீஸ்கள் ஒதுக்கும் நான்காம் தலைமுறை இன்டெல் மெஷின்களைச் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் தேடலாம். படிக்க இது தாராளம். லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, இந்த மெஷின்களில் பெரும்பாலும் டிடிஆர்3 ரேம்தான் இருக்கும். அதற்கு 240 பின், டிடிஆர்4-க்கு 288. வெட்டு இருக்கும் இடமும் வேறு. மாற்றி வாங்கி வந்து அழுத்தி மாட்டப் பார்த்தால் ஸ்லாட் போய்விடும்.

கையால் செய்வதால் என்ன பெரிதாகத் தெரிந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பவர் சப்ளை பெட்டி) சோதனை ஒன்று போதும். மெயின் வயரைக் கழற்றிவிட்டு 24 பின் கனெக்டரையும் போர்டிலிருந்து எடுங்கள். கனெக்டரில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணைத்துவிட்டு பவர் கொடுத்தால் ஃபேன் சுற்ற வேண்டும். மல்டிமீட்டரில் அளந்தால் மஞ்சள் வயரில் 11.4-லிருந்து 12.6 வோல்ட், சிவப்பில் 4.75-லிருந்து 5.25 வோல்ட் இருந்தால் சரி. ஊதா வயரில் பச்சையை இணைப்பதற்கு முன்பே 5 வோல்ட் வந்திருக்க வேண்டும். இதுவரை எல்லா வீடியோவிலும் இருக்கிறது. வெறுமனே அளந்தால் சரியாகக் காட்டும் எஸ்எம்பிஎஸ், ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டியதுமே தொய்ந்துவிடலாம் என்பதை நீங்களே மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் மனதில் பதியும். மல்டிமீட்டர் முள்ளைக் கனெக்டரில் எப்படிப் பிடித்தால் பக்கத்து பின்னில் படாது என்பதும் அப்படியே. புது மாடல்களில் எல்லா வயரும் கறுப்பாகவே வரும், அப்போது நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் கையைப் பிசைவார். பச்சை என்பது 16-ஆம் பின் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும், எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஆன்லைன் வகுப்பில் கையைத் தட்டிவிட ஆள் கிடையாது.

செய்து பார்த்ததை எழுதி வைக்காததும் ஒரு குறைதான். ரேமைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் எத்தனை பீப் வந்தது, போர்டில் தேதியையும் செட்டிங்கையும் காப்பாற்றும் சிமாஸ் பேட்டரியை எடுத்தால் தேதி என்ன ஆனது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். “டிஸ்ப்ளே வரவில்லை, எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்?” என்பது சர்வீஸ் இன்டர்வியூக்களில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி. நோட்டு வைத்திருப்பவர் வரிசையாகச் சொல்வார்.

பழைய பாடத்தை வைத்துப் படிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏ பிளஸ் பாடத்திட்டம் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. 2025 மார்ச்சில் 220-1201, 220-1202 என்ற புதுத் தேர்வுகள் வந்துவிட்டன. சான்றிதழுக்கு இரண்டையும் எழுத வேண்டும். சலுகையில் கிடைக்கிறதே என்று 1001 எண் போட்ட வீடியோவை வாங்காதீர்கள். ‘டம்ப்ஸ்’ என்று விற்கும் கேள்வித்தாள் தொகுப்புகளும் வேண்டாம், பிடிபட்டால் சான்றிதழே பறிபோகும்.

என்பிடெல்லில் சேர்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பாடத்தில் சேர்வது இலவசம், அதனால் தேர்வுக்கும் பதிவாகிவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தேர்வுக்குத் தனியாகப் பதிந்து 1,000 ரூபாய் கட்ட வேண்டும், தேதி தவறினால் போனது போனதுதான். 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டுகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 10-உம் தேர்வில் 30-உம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். நான்கு வாரம் விட்டுப்போனாலும் சமாளிக்கலாம் என்பது ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆறுதல்தான். ஆனால் அந்த நான்கையும் முதல் மாதத்திலேயே செலவழித்துவிட்டால், மாதக் கடைசி ஆடிட்டும் அசைன்மென்ட்டும் ஒரே வாரத்தில் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. தேர்வு பெரும்பாலும் சனி, ஞாயிறில் வரும். வார இறுதியிலும் ஷிஃப்ட் இருப்பவர்கள் பணம் கட்டிய அன்றே மேனேஜரிடம் தேதியைச் சொல்லி வைத்துவிடுங்கள். முந்தின நாள் போய் நின்றால் ரோஸ்டரை மாற்ற யாராலும் முடியாது.