அடிபட்ட காரைச் சரிசெய்வதா, விற்பதா: ஒரு கணக்கு டீச்சர் போட்ட கணக்கு

போன செப்டம்பரில் ஒரு சாயங்காலம், செங்கிப்பட்டிக்கும் துவாக்குடிக்கும் நடுவே முன்னால் போய்க்கொண்டிருந்த லோடு ஆட்டோ, குறுக்கே வந்த ஆட்டுக்கூட்டத்துக்காகச் சடக்கென்று நின்றது. நான் நிற்கவில்லை. பிரேக்கை மிதித்து வலது பக்கம் ஒடித்தும், வண்டியின் இடது மூக்கு ஆட்டோவின் பின்பலகையில் போய் மோதியது. யாருக்கும் அடியில்லை. ஆடுகள் பாட்டுக்கு ரோட்டைத் தாண்டி மேயப் போய்விட்டன.

வண்டி 2011 ஆகஸ்டில் பதிவான ஃபோர்ட் ஃபிகோ, டீசல், கிளிப்பச்சை நிறம். வீட்டில் எல்லாருக்கும் அது ‘கிளி’. 36 வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான். ஓடியது 1,62,000 கிலோமீட்டர். அது பிறந்த மறைமலை நகர் ஆலையில் 2022லேயே உற்பத்தி நின்றுவிட்டது. அதனால் கொழுந்தனார் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: “அண்ணி, கிடைச்ச விலைக்குத் தள்ளிவிடுங்க.” மறுநாள் ஸ்டாஃப் ரூமில் எதிர்க்கட்சி: “ராசியான வண்டி டீச்சர், வித்துடாதீங்க.” இரண்டு பேச்சிலுமே கணக்கு இல்லை. நான் போட்ட கணக்கை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். தொகைகள் என் வண்டிக்கானவை, போடும் முறை எந்த வண்டிக்கும் பொருந்தும்.

முதலில் நான் செய்த இரண்டு தப்புகள். ஓரம் கட்டலாம் என்று திரும்ப ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிஷம் ஓட்டினேன். டெம்பரேச்சர் முள் மேலே ஏறுவதைப் பார்த்த பிறகுதான் கீழே பச்சைத் தண்ணீர் ஒழுகுவது தெரிந்தது. ரேடியேட்டர் உடைந்த வண்டியை ஓட்டி இன்ஜின் சூடாகிப் போனால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். ரிப்பேர் செய்யாமல் ஓட்டியதால் கூடும் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. என் நல்ல நேரம், உடனே அணைத்துவிட்டேன். இரண்டாவது, ஆட்டோக்காரருக்கு லைட் உடைந்ததற்கு 2,000 ரூபாய் கையில் கொடுத்து “தப்பு என் மேலதான்” என்றும் சொல்லிவிட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதும், தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பதும் பாலிசி நிபந்தனைக்கு விரோதம். போட்டோ எடுங்கள், கம்பெனிக்குப் போன் போடுங்கள், டோ வண்டிக்குக் காத்திருங்கள். ஒருவருக்குச் சின்னக் காயம் என்றாலும் போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும்.

எஸ்டிமேட் வரும் முன் எழுத வேண்டிய ஒரு எண்

அன்று ராத்திரியே ஒரு தாளில் ஒரு தொகை எழுதி மடித்து பீரோவில் வைத்தேன். வெறும் பாசத்துக்காக, பணக் கணக்கில் நஷ்டம் என்று தெரிந்தே, இந்த வண்டிக்கு நான் எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பேன்? 15,000 ரூபாய். எஸ்டிமேட்டைப் பார்த்த பிறகு எழுதினால் எண் தானாக வளைந்து கொடுக்கும். பரீட்சையில் விடையைப் பார்த்துவிட்டு வழிமுறை எழுதுகிற பசங்களை 20 வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? பாசத்தைக் கணக்கில் சேர்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு உச்சவரம்பு வேண்டும்.

தோலா, எலும்பா

பணத்துக்கு முன்னால் இதைப் பாருங்கள். பம்பர், பானெட், ஃபெண்டர், ஹெட்லைட் எல்லாம் தோல். காசு கொடுத்தால் புதிதாக வரும். இந்த மாதிரிச் சின்னக் கார்களில் தனியாக ஒரு சேசிஸ் கிடையாது. பாடியேதான் எலும்பு. முன்பக்கம் நீளவாக்கில் இரண்டு லாங் மெம்பர், சக்கரத்துக்கு மேல் உள்தகடான அப்ரான், கண்ணாடி ஓரமாக மேலே ஏறும் பில்லர். இவை மடங்கியிருந்தால் கதை வேறு.

வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைப் பார்க்க எங்கள் ஏரியா டிங்கர் பாயை வரச்சொன்னேன். அவர் அடிபட்ட இடத்தைப் பார்க்கவே இல்லை. நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள சந்தில் விரலை மேலிருந்து கீழ் வரை ஓட்டினார். கூரையைக் கண் மட்டத்தில் வைத்து, அலை அடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். டயருக்கும் மேல்வளைவுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தார். கடைசியில் பானெட்டை நெம்பித் திறந்து டேப்பை நீட்டினார்.

“டீச்சரம்மா, இந்த முனையைப் பிடிங்க.”

இடது அப்ரானின் முன் போல்டிலிருந்து வலது சஸ்பென்ஷன் மேல் போல்ட் வரை ஒரு அளவு. வலது முன் போல்டிலிருந்து இடது மேல் போல்ட் வரை இன்னொன்று. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று வருஷா வருஷம் நடத்துகிறேன், அது எதற்கு என்று ஒரு பையனும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. வித்தியாசம் 11 மில்லிமீட்டர். “கிராஸ் மெம்பர் போச்சு, அதான் முன்னாடி இருக்கிற குறுக்குச் சட்டம். அப்ரான் முனை மட்டும் உள்ள போயிருக்கு, லாங் மெம்பர்ல மடிப்பு விழல. மெஷின்ல போட்டு இழுத்தா வந்துரும்” என்றார். பில்லரில் மடிப்பு இருந்திருந்தால்? “நானா இருந்தா வீட்டுப் பொம்பளைங்களை அதுல ஏத்த மாட்டேன்.”

இப்படிப் பார்க்க உங்களுக்கும் ஒரு ஆள் வேண்டும், அந்த வேலையால் லாபம் அடையாத ஆளாக இருந்தால் நல்லது. பாய்க்கு 500 ரூபாய் கொடுத்தேன். இதில் நான் செலவழித்த மிக உருப்படியான காசு அதுதான். எலும்பு போய்விட்டது என்று அவர் சொல்லியிருந்தால் பீரோத் தாளை எடுத்திருக்கவே மாட்டேன், நேராக விற்பனைதான்.

ஏர்பேக் உள்ள வண்டியில் அது வெடித்திருந்தால் பையை மட்டும் மாற்றினால் போதாது. அதன் கன்ட்ரோல் பெட்டி, சீட் பெல்ட்டை இறுக்கும் அமைப்பு எல்லாம் சேர்ந்து வரும், பெரிய தொகை. என் வண்டியில் ஏர்பேக்கே இல்லை.

இன்சூரன்ஸ் கணக்கு

இரண்டு எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும். முதலாவது ஐடிவி, பாலிசியின் முதல் பக்கத்திலேயே இருக்கும். வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் உச்சத் தொகை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு இது நீங்களும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்வது. எனக்கு 1,25,000. இரண்டாவது, அதில் 75 சதவீதம். ரிப்பேர் செலவு அதைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது வண்டி முழுதாகப் போனதாகவே கணக்கு. எனக்கு எல்லை 93,750.

சர்வீஸ் சென்டரின் முதல் எஸ்டிமேட் 1,08,000. அது கண்ணால் பார்த்துப் போட்டது. கழற்றிய பிறகு உள்ளே ஏசி கண்டென்சரும் நசுங்கியிருந்தது தெரிந்து 1,19,000 ஆனது. எனவே கழற்றிப் பார்க்காமல் வந்த எஸ்டிமேட்டை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். எல்லை தாண்டிவிட்டது, கிளி போச்சு என்று அன்று சாயங்காலம் நான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் 75 சதவீதத்தோடு ஒப்பிட்டது பில் தொகையை அல்ல. பாலிசி நிபந்தனைப்படி தேய்மானம் கழித்து, சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் ஒப்புக்கொண்ட தொகையை. பத்து வயதுக்கு மேல் உலோகப் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள். பிளாஸ்டிக், ரப்பருக்கு எந்த வயதிலும் பாதி. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. பெயிண்ட் வேலையில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலி முழுசாக வரும். என் வண்டிக்கு:

உலோகப் பாகங்கள் 38,000, கிடைப்பது 19,000
பிளாஸ்டிக், ஹெட்லைட் 24,000, கிடைப்பது 12,000
முன் கண்ணாடி 7,000, முழுவதும்
டிங்கரிங், கூலி 30,000, முழுவதும்
பெயிண்டிங் 20,000, கிடைப்பது 17,500

மொத்தம் 85,500. எல்லைக்கு 8,250 ரூபாய் கீழே. சர்வேயர் இந்தத் தாளைக் காட்டியபோது கூட்டல் சரியா என்று மூன்று முறை பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். 50,000க்கு மேற்பட்ட வாகன கிளெய்முக்கு லைசென்ஸ் உள்ள சர்வேயர் பார்த்தே ஆகவேண்டும். அவர் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று அதில்தான் தெரியும்.

என் கையிலிருந்து போகும் தொகை: தேய்மானம் 33,500, 1500 சிசி வரையுள்ள காருக்கான கட்டாயக் கழிவு 1,000, பாலிசியில் வராத கூலன்ட், ஏசி காஸ், நட்டு போல்ட் வகையில் 3,000. கிளெய்ம் எடுத்ததால் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் போனது, கிளெய்ம் எடுக்காமல் இருந்ததற்குக் கிடைத்துவந்த பிரீமியத் தள்ளுபடி அது. அது நம் வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான் என்பதால் பழைய வண்டியில் பெரிய அடி இல்லை, எனக்கு 2,000 சுமார். புது வண்டிக்காரர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் சேர்க்க வேண்டும். சின்ன சிராய்ப்புக்கெல்லாம் கிளெய்ம் எடுத்தால் கையைக் கடிக்கும். ஆக எனக்கு 40,000 செலவு என்று வைத்துக்கொண்டேன்.

விற்றால் என்ன வரும்

அடிபட்ட நிலையிலேயே இரண்டு பேர் விலை கேட்டார்கள்: 38,000, 45,000. அதே வருஷத்து வண்டிகளுக்கு ஆன்லைனில் 1,60,000 வரை எழுதியிருக்கிறார்கள், அது கேட்கும் விலை. புரோக்கரிடம் விசாரித்தால், அடிபடாதது 1,40,000க்குக் கைமாறும், அடிபட்டுச் சரிசெய்தது 1,10,000 போகும் என்றார். வாங்குபவரிடம் விபத்தை மறைக்கக் கூடாது. மறைத்தாலும் பட்டி பூசிய இடத்தில் ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் விழுந்து காட்டிக் கொடுத்துவிடும்.

அப்படியே விற்றால் 45,000. கிளெய்மில் சரிசெய்தால் 1,10,000 மதிப்புள்ள வண்டி, அதில் 40,000 செலவு போக 70,000. பாசத்தைத் தொடாமலே 25,000 லாபம்.

இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் இதே கணக்கை இப்படிப் போடுங்கள். சர்வீஸ் சென்டரில் பில் 1,19,000, மேல்செலவு 3,000, ஆக 1,22,000 செலவழித்து 1,10,000 வண்டி என்றால், விற்பதோடு ஒப்பிட 57,000 நஷ்டம். எந்தப் பாசமும் தாங்காது. வெளி ஒர்க் ஷாப்பில் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய பாகம் வரவழைத்து 70,000க்கு முடித்தால் 5,000 நஷ்டம். பீரோவில் 15,000 எழுதி வைத்திருக்கிறேனே, அதற்குள் அடங்கும், செய்யலாம். தாளுக்கு வேலை இங்கேதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டோட்டல் லாஸ் ஆகியிருந்தால் வண்டியை விட்டுவிட்டு, ஐடிவியில் கட்டாயக் கழிவு 1,000 போக 1,24,000 கிடைத்திருக்கும். 70,000க்கும் அதற்கும் 54,000 தூரம். அப்படி வந்திருந்தால் கிளியைக் கொடுத்திருப்பேன். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லவில்லை.

விற்கிற முடிவுக்கு வந்தவர்கள் பணத்தை விட ஆர்சியைக் கவனியுங்கள். பெயர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30ல் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. வாங்கியவர் யாரையாவது இடித்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். உடைப்புக்குப் போகிற வண்டி என்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவில் தெரிவித்து ஆர்சியை ரத்து செய்யுங்கள். நொறுங்கிய வண்டியின் சேசிஸ் நம்பரைத் திருட்டு வண்டிக்கு ஏற்றும் கூட்டம் உண்டு. அவர்களுக்கு வேண்டியது உங்கள் தகரம் இல்லை, அந்த நம்பரும் காகிதமும்தான். ஃபாஸ்டாகையும் மூடிவிடுங்கள்.

எனக்கு இருந்த ஒரே தயக்கம் ஆர்சிக்கு 15 வருஷம் 2026 ஆகஸ்டில் முடிகிறது என்பது. அதன்பின் ஆர்டிஓ சோதனை, கட்டணம், பசுமை வரி கட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். எலும்பு நேராக இருந்தால்தான் சோதனைக்குத் தைரியமாகக் கொண்டுபோகலாம். எனவே ‘இழுத்துச் சரிசெய்தபின் அளவு’ என்று எழுதித் தரச் சொன்னேன். சர்வீஸ் அட்வைசர் ஒரு மாதிரி பார்த்தார், பிறகு தந்தார். வித்தியாசம் 3 மில்லிமீட்டர்.

வண்டி எடுக்கும்போது திருப்திக் கடிதத்தில் முதலில் கையெழுத்து கேட்பார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நேர் ரோட்டில் ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்து, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். வீல் அலைன்மென்ட் சீட்டைக் கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். என் புது பானெட் பக்கத்துக் கதவைவிடக் கொஞ்சம் கூடுதல் பச்சை, 14 வருஷ வெயிலில் வெளுத்த கதவுக்கு யார் என்ன செய்ய முடியும்?

பில்லையெல்லாம் பத்திரமாக வையுங்கள், அத்தோடு முதல் மழைக்கும் காத்திருங்கள். அக்டோபர் மழையில் ஸ்கூலுக்குப் போய் இறங்கினால் இடதுபக்க மிதியடி சொதசொதவென்று ஈரம். முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் சீலன்ட் ஒரு விரல் அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. பில்லைக் காட்டியதும் காசு வாங்காமல் கண்ணாடியை எடுத்து மறுபடி ஒட்டிக் கொடுத்தார்கள். அடுத்த நாள் ஹோஸ் பைப்பைப் பிடித்து பத்து நிமிஷம் நானே தண்ணீர் அடித்துப் பார்த்தேன்.

சொட்டு இறங்கவில்லை.